புதர் மண்டிய கொல்லையைத் திருத்துதல்



எஸ்டேட்டில் வாழும் நமக்குத் தோட்டம் என்று சொன்னால் செம்பனையும் பால்மரமும்தான் கண்முன் வந்து நிற்கும். ஆகவே, வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடியும் கீரைப் பாத்தியும் போடும் அந்தச் சிறு நிலத்தை இந்தப் பேச்சில் ‘கொல்லை’ என்றே சொல்லப் போகிறேன். அந்தக் கொல்லையைச் சில வருடங்கள் கவனியாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும், அதை மறுபடி எப்படிக் கைக்குக் கொண்டுவருவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்டது.

எங்கள் அம்மாவின் வீடு லயத்தின் கடைசி வீடு. பின்பக்கம் முப்பது அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள ஒரு கொல்லை உண்டு. அப்பா இருந்தவரை அதில் வெண்டை, கத்தரி, பயற்றங்காய் என்று ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டே இருக்கும். 2016-இல் அப்பா காலமானார். அம்மாவுக்கு முழங்கால் வலி. நானோ பள்ளிக்கூட வேலை, பிள்ளைகள் என்று வாரம் ஒருமுறை வந்து போகிறவள். ஐந்து வருடம் கழித்து ஒருநாள் பின்கதவைத் திறந்து பார்த்தபோது கொல்லை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. இடுப்பளவுக்கு லாலாங் புல். வேலியின்மேல் ஒரு கொடி பாய் விரித்தாற்போலப் படர்ந்திருந்தது. நடுவில் தொட்டாச்சிணுங்கி முள். அதற்குள் பழைய டின்கள், ஒரு டயர், காற்றில் பறந்துவந்து விழுந்த இரண்டு தகரம்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனிதர். “அக்கா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஒரு டாங்கி மருந்து அடிச்சா பத்து நாள்ல காஞ்சிடும். அப்புறம் ஒரு தீக்குச்சி, வேலை முடிஞ்சது” என்றார். நானும் அரை மனத்தோடு சரி சொல்ல இருந்தேன். அப்போதுதான் அம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “எஸ்டேட்டுக்குப் பதினாலு வருசம் அடிச்சதே போதும்மா. என் கொல்லைக்கு வேணாம்.”

அம்மா மருந்தடிக்கும் பிரட்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். முதுகில் டாங்கி, கையில் குழாய். கையுறை கொடுத்த நாளும் உண்டு, கொடுக்காத நாளும் உண்டு. கொடுத்த நாளிலும் அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது. அவர் விரல் நகங்கள் கறுத்து, மடங்கி, கழன்று விழுந்ததை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். சில நாட்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். வெயில் சூடு என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். நகம் கெடுவதும் மூக்கில் இரத்தம் வருவதும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி உடலில் படுவதால் வரக்கூடிய அறிகுறிகள் என்பதை நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1988-இல் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில், கொல்லைக்கு அடிக்கலாம் என்று அந்த மருந்தைச் சோடா பாட்டிலில் ஊற்றி அடுப்படி ஓரத்தில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் என்னோடு மூன்றாம் வகுப்பு படித்தவன். விளையாடிவிட்டு வந்த தாகத்தில் ஒரு வாய் குடித்துவிட்டான். உடனே துப்பியும் விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் சில நாட்கள் வாய்ப்புண்ணைத் தவிர ஒன்றுமில்லை. பேசினான், சிரித்தான் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் போய்விட்டான். அந்த மருந்து நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகச் செய்யும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அவனுடைய அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அன்றைக்கு எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. பிறகு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுமையாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய கொட்டகைகளில் பழைய பாட்டில்கள் இன்னும் இருக்கக்கூடும். உங்கள் வீட்டில் பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டில் ஏதாவது இருந்தால் முகர்ந்து பார்க்க வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, மாவட்ட விவசாய இலாகாவிடம் கேளுங்கள். வேறு களைக்கொல்லிகள் கடைகளில் விற்கின்றன என்பது உண்மைதான். ஆயிரம் ஏக்கர் எஸ்டேட்டைக் கையால் பிடுங்கச் சொல்ல எனக்கும் பைத்தியமில்லை. ஆனால் கோழி மேய்கிற, பிள்ளை விளையாடுகிற, நாம் பறித்துத் தின்னப்போகிற அறுநூறு சதுர அடிக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

தீ வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். லாலாங்கைப் பொறுத்தவரை தீ வைப்பது அதற்கு விருந்து வைப்பது போல. மேலே இருக்கும் தாள்தான் எரிகிறது. கிழங்கு போன்ற வெள்ளை வேர்த்தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. போட்டிக்கு நிற்கும் மற்றச் செடிகள் எல்லாம் எரிந்துபோக, ஒரு மழைக்குப் பிறகு முதலில் தலைதூக்குவது லாலாங்தான். எங்கெல்லாம் அடிக்கடி தீ பிடிக்கிறதோ அங்கெல்லாம் லாலாங் காடாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே நாங்கள் மருந்தும் அடிக்கவில்லை, தீயும் வைக்கவில்லை. அம்மா சொன்ன வழியில் செய்தோம். அவருடைய கணக்கு மிகவும் எளிது. “ஒரு நாளைக்கு ஒரு பாய் அளவு. அதுக்கு மேல கொத்தாதே. கொத்தின இடத்துல அன்னைக்கே எதையாவது நடு.”

ஒரு பாய் என்பது ஆறடிக்கு மூன்றடி. எங்கள் கொல்லை முழுவதும் ஏறக்குறைய முப்பத்துமூன்று பாய். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஆள் சேர்த்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாமே என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் முழுக் கொல்லையையும் வெட்டி வெறும் மண்ணாக்கினால், அதை நடுவதற்கு நாற்றும் இருக்காது, உடம்பில் தெம்பும் இருக்காது. அடுத்த வாரம் கல்யாணம், அதற்கடுத்த வாரம் திருவிழா. இதற்கிடையில் மழை வந்து மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு மாதத்தில் ஊசி ஊசியாக லாலாங் முளைத்து நிற்கும். பாதி வழியில் கைவிடப்பட்ட கொல்லைகள் பெரும்பாலும் இப்படி ஒரே நாள் வேகத்தில் தொடங்கியவைதான். மனிதருக்கு முதல் நாள் வேகம்தான் எதிரி. பள்ளிக்கூடத்திலும் முதல் வாரத்திலேயே மூன்று கட்டுரை எழுதும் பிள்ளையைவிட, நாளுக்கு நாலு வரி எழுதும் பிள்ளையை நான் அதிகம் நம்புவேன்.

வெட்டத் தொடங்குமுன் பார்க்க வேண்டும். ஒரு நீண்ட கம்போடு, வெயில் வந்த பிறகு, கொல்லையைச் சுற்றி வாருங்கள். கம்பால் தட்டித் தட்டி நடங்கள். பழைய துணியைக் கிழித்து நாடாவாக வைத்துக்கொண்டு, காப்பாற்ற வேண்டிய செடிகளில் கட்டிவிடுங்கள். நாங்கள் புல்லுக்குள் ஒரு கறிவேப்பிலை மரத்தையும், ஒரு வரிசை மஞ்சளையும், சாய்ந்து கிடந்தும் துளிர்விட்டிருந்த ஒரு முருங்கையையும் கண்டோம். மஞ்சள் அப்பா நட்டது. அன்று வெட்டுக்கத்தியோடு நேரே இறங்கியிருந்தால் லாலாங்கோடு அதுவும் போயிருக்கும்.

களைகளும் மண்ணைப் பற்றி ஏதோ சொல்கின்றன. கோரை அடர்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். அங்கே ஒரு சிறு வாய்க்கால் வேண்டும். காட்டுப் பன்னம் அதிகம் இருந்தால் மண் புளிப்பாக இருக்கிறது என்று கொள்ளலாம். சுண்ணாம்புத் தூள் போடுவது, எரு போடுவது பற்றி வேறொரு நாள் பேசுகிறேன்.

அடுத்தது குப்பை. இந்த வேலைக்குச் சிறு பிள்ளைகளை அனுப்பாதீர்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து, கையுறை, நீளக் கைச் சட்டை, நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு பெரியவர்கள் செய்ய வேண்டும். கிடக்கும் தகரத்தை வெறுங்கையால் தூக்கக் கூடாது. மண்வெட்டியின் வாயை அந்தப் பக்கத்து விளிம்பில் கொடுத்து நம் பக்கமாகத் தூக்கினால், உள்ளே பாம்பு இருந்தாலும் தகரம் நமக்கும் அதற்கும் நடுவில் நிற்கும். அது எதிர்ப்பக்கமாகப் போய்விடும். எங்கள் இரண்டாவது தகரத்தின் அடியில் ஒரு நாகம் இருந்தது. போக விட்டோம். நம் நாட்டு நாகம் நஞ்சைக் கண்ணை நோக்கித் துப்பவும் செய்யும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்து, விரைவாகக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

டின்னிலும் டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். டிங்கி கொசு முட்டையிடுவது அங்கேதான். கவிழ்த்தால் மட்டும் போதாது. அதன் முட்டை தண்ணீர் இல்லாமலும் மாதக் கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டின்னை நசுக்கி, குப்பை லாரிக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

புல்லுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும். லாலாங் போன்ற உயர்ந்த புல்லில் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகள் இருக்கும். அவை கடித்தால் புதர்க்காய்ச்சல் வரலாம். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டாற்போல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். ஒரு காலத்தில் இது ஆளைக் கொன்ற நோய். இதைக் குணப்படுத்தும் மருந்து ஒன்றை 1948-இல் நம் கோலாலம்பூரில்தான் முதன்முதலாகச் சோதித்து வெற்றி கண்டார்கள். இன்று மாத்திரையிலேயே குணமாகும். ஆனால் “டாக்டர், நான் லாலாங் வெட்டினேன்” என்று நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அந்தப் பொருக்கைத் தேடுவார். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். காலில் புண் இருந்தால் மூடிக்கட்டாமல் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த ஈரமண் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும்.

இனி லாலாங்குக்கு வருவோம். பாராங் கத்தியால் அதன் தலையை வெட்டிக்கொண்டே இருப்பது வீண் வேலை. அம்மா ஒரு ஐந்தடிப் பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டச் சொன்னார். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பலகையைப் புல்லின்மேல் வைத்து, காலால் மிதிக்க வேண்டும். புல் ஒடியாமல் மடிந்து படுத்துவிடும். பிறகு ஓரடி முன்னே எடுத்து வைத்து மறுபடி மிதி. முழுக் கொல்லையையும் இப்படி ஒரே மாலையில் படுக்க வைத்துவிட்டோம். வெட்டினால் வேர் உடனே புதுக்குருத்து விடும். மடக்கிப் படுக்க வைத்தால் அவ்வளவு சீக்கிரம் விடாது. மேலே கிடக்கும் புல் கீழே இருப்பதை மூடி இருட்டாக்கிவிடும். லாலாங்குக்கு வெயில் எவ்வளவு பிடிக்குமோ, நிழல் அவ்வளவு ஆகாது. பால்மரக் கன்றுகளுக்கு நடுவே எஸ்டேட்டுகளில் பயறு இனத்துக் கொடிகளைப் படர விடுவதும் இந்தக் காரணத்தை ஒட்டித்தான். நமக்குப் பாய் பாயாகக் கொத்துவதற்கு நாள் வேண்டும் அல்லவா? அந்த இடைவெளியில் மிச்சக் கொல்லை மேலும் மேலும் வளராமல் காத்திருக்க இந்தப் பலகை உதவியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்த புல்லை மறுபடி மிதித்தோம்.

ஒவ்வொரு மாலையும் ஒரு பாய் அளவு இடத்தில் படுத்த புல்லை விலக்கி, மண்வெட்டியை ஆழமாக இறக்கி, மண்ணைப் பெயர்த்துப் புரட்டினோம். பெரும்பாலான வேர்கள் முக்கால் அடிக்குள் இருக்கும். கட்டியை உடைத்து உதறி, வெள்ளை வேர்த்தண்டை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். மண்வெட்டியால் சதக் சதக்கென்று கொத்திப் போட்டுவிட்டால் ஒரு வேர் பத்து வேராகும். என் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் சோதித்துப் பார்த்தேன். கணு உள்ள சிறு சிறு துண்டுகளை வெட்டிப் பால் டின்களில் நட்டுவைத்தோம். பாதிக்கு மேல் முளைத்துவிட்டன. “டீச்சர், இது சாகவே சாகாதா?” என்று ஒருவன் கேட்டான். சாகும். பிடுங்கிய வேரைத் தகரத்தின்மேல் பரப்பி, கையில் ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை வெயிலில் காயவிட வேண்டும். அப்படிக் காய்ந்த பிறகே எருக்குழிக்குப் போகலாம். வேர் பொறுக்கி எடுக்கும் வேலையில் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் கண்ணுக்குத் தப்புவது குறைவு.

வேலியில் படர்ந்த கொடியை அறுத்துத் தரையில் போட்டால் ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுவிடும். வேலியிலேயே தொங்கவிட்டுக் காயவையுங்கள். தொட்டாச்சிணுங்கியை மழை பெய்த மறுநாள் தூரைப் பிடித்து இழுத்தால் வேரோடு வரும்.

கொத்திய பாயில் அன்றே நட்டது சர்க்கரைவள்ளிக் கொடி. மூன்று நாலு வீட்டில் கேட்டால் கொடி சும்மா கிடைக்கும். ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டி, மண்ணை மேடாகக் கூட்டி, பாதிக் கொடியை மண்ணுக்குள் சாய்த்து ஊன்றினால் போதும். சில வாரங்களில் தரையை மூடிவிடும். இளந்தளிரைக் கிள்ளிக் கீரையாகச் சமைக்கலாம். நாலு மாதத்தில் கிழங்கு. காசு போட்டு விதை வாங்கி நடும் வெண்டை, கத்தரி எல்லாம் அடுத்த போகத்துக்கு என்று வைத்துக்கொண்டோம். முதல் போகம் நிலத்தைப் பிடித்து வைக்கத்தான்.

நட்டுவிட்டோம் என்று திரும்பிப் பார்க்காமல் இருக்கக்கூடாது. தப்பிய வேரிலிருந்து ஊசிபோல் லாலாங் வரும். இரண்டு மூன்று இலை விடுவதற்குள் பிடுங்கிவிட்டால், இலை விடுவதற்காக வேர் செலவழித்த சத்து அதற்குத் திரும்பக் கிடைக்காது. வளரவிட்டால் கடனை வட்டியோடு வசூல் செய்துகொள்ளும்.

மறக்காமல் ஒன்று. லயத்து நிலம் நம்முடையது அல்ல. தொடங்குமுன் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மறுநடவு வரலாம், எஸ்டேட் கைமாறலாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். இதையெல்லாம் நம் மக்கள் நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் டுரியான், தென்னை என்று பத்து வருடக் கனவுகளை அங்கே நடச் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று மாதம், நாலு மாதத்தில் கைக்கு வரும் பயிர்களை நடுங்கள்.

எங்கள் முப்பத்துமூன்று பாயும் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் வரமுடியாத நாட்களில் அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பியே ஒரு பாய் கொத்திவிட்டுப் போனார். கடைசிப் பாயைக் கொத்தும்போது முதல் பாயில் கொடி தரை தெரியாமல் மூடியிருந்தது.

முதல் கிழங்கைத் தோண்டிய அன்று அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய கிழங்கில் ஏதோ குத்தியிருந்தது. பார்த்தால், எங்கள் கைக்குத் தப்பிய ஒரு லாலாங் வேர் ஈட்டி மாதிரி கிழங்குக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, வேரை உருவித் தகரத்தின்மேல் எறிந்துவிட்டு, துளைபட்ட இடத்தை மட்டும் அரிந்து எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டியில் போட்டார்.